எரிந்த லாரி மாடல் செய்து தருகிறேன் என்றவரிடம் ஏமாந்த கதை: ஓசூர், கிருஷ்ணகிரி நண்பர்கள் கவனிக்க

துருப்பிடித்த வண்டி, தீயில் எரிந்த வண்டி என்று சின்ன அளவு வண்டி மாடல்களுக்கு வெதரிங் (பழசான, சேதமான தோற்றம் வரும்படி பெயின்ட் வேலை) செய்து தருவதாக இன்ஸ்டாகிராமில் ஆர்டர் பிடிக்கிற ஒருவரிடம் 7,500 ரூபாயையும் பதினோரு மாத உழைப்பையும் தொலைத்துவிட்டேன். ஓசூர் பக்கத்து ஆள். பெயரை இங்கே போடவில்லை. அவர் பேசுகிற விதத்தையும் வேலை செய்கிற விதத்தையும் சொன்னாலே, ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்குப் புரிந்துவிடும். மாட்டாதவர்கள் தப்பித்துக்கொள்ளட்டும்.

அப்பா லாரி டிரைவர். அவர் ஓட்டியது டாடா 1210, நாமக்கல்லில் பாடி கட்டிய பழைய மூக்கு வண்டி. 2011-ல் புளி மூட்டை ஏற்றிக்கொண்டு சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் சூடாகி, பின்சக்கரத்தில் தீப்பிடித்தது. அப்பாவும் கிளீனர் அண்ணனும் குதித்துத் தப்பினார்கள். வண்டி முழுசாக எரிந்துபோனது. நாலு நாள் கழித்து போலீஸ் ஸ்டேஷன் ஓரத்தில் நிறுத்தி வைத்திருந்த அதைப் பார்க்க அப்பா என்னையும் கூட்டிப்போனார். இடையில் ஒரு மழை பெய்திருந்தது. அன்றைக்குப் பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

வண்டி கறுப்பாக இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். தீ அதிகமாக நின்று எரிந்த இடத்தில் கரியே கிடையாது. கரியும் சேர்ந்து எரிந்துபோய் சாம்பல் வெள்ளையாக, வெறும் இரும்பாக இருந்தது. அந்த வெறும் இரும்பில் மழைத்தண்ணி பட்டு, ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய துரு பொடி பூத்த மாதிரி படர்ந்திருந்தது. கரி இருந்ததெல்லாம் தீயின் ஓரத்தில்தான்: ஜன்னலுக்கு மேலே, கதவு இடுக்கில், பின்பலகைப் பக்கம். அதையும் தாண்டிப் போனால் பெயின்ட் கொப்புளித்து, அதற்கப்புறம் பழைய பச்சை பெயின்ட் அப்படியே. டயர் ஒன்றுகூட இல்லை. நைலான் டயர் என்பதால், ரப்பர் போனதும் ரிம்மைச் சுற்றி பீடு கம்பி (டயர் ஓரத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பி) வளையம் மட்டும் மிஞ்சியிருந்தது. பட்டை ஸ்பிரிங் சூட்டில் முறுக்கு இழந்து, வண்டி வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்த மாடு மாதிரி கிடந்தது.

அந்த வண்டியைத்தான் 1:24 அளவில், அதாவது நிஜத்தில் இருபத்துநாலில் ஒரு பங்காக, மாடல் செய்தேன். இந்த வண்டிக்குக் கடையில் நான் கிட் (ஒட்டிச் செய்ய வெட்டி விற்கும் பாகங்கள்) எதுவும் பார்க்கவில்லை. ஸ்டைரீன் என்கிற பிளாஸ்டிக் ஷீட் வாங்கி வெட்டி ஒட்டியதுதான் எல்லாம். ரிவெட் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைத்தேன். கேபின் மட்டும் மூன்று மாதம் ஆனது. பெயின்ட் வேலையில் எனக்குக் கை நம்பிக்கை கிடையாது, ஏர்பிரஷும் இல்லை. அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்குக் கொடுக்க நினைத்ததால், தெரிந்தவர் கையில் கொடுத்துவிடலாம் என்று தேடினேன். அப்போதுதான் இவருடைய இன்ஸ்டாகிராம் பக்கம் கண்ணில் பட்டது. எரிந்த டாங்கி, துருப்பிடித்த ஜீப் என்று படங்கள் பிரமாதமாக இருந்தன.

ஆறாயிரம் பேசினார். மூவாயிரம் முன்பணம், ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, "நம்ம ஹாபி ஆளுங்களுக்குள்ள பில்லெல்லாம் எதுக்கு ப்ரோ" என்றார். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வைத்து அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்தேன். அப்பா வண்டி எரிந்த பிறகு எடுத்த ஆறு போட்டோவையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எந்த இடம் வெள்ளை, எந்த இடம் துரு, எந்த இடம் பச்சை என்று குறித்தே அனுப்பினேன். மூன்று வாரம் என்றார். பொங்கல் போனது, மாசியும் போனது. நடுவில் எத்தனை முறை கேட்டும் பாதி வேலைப் படம் ஒன்றுகூட வரவில்லை. "ரஸ்ட் செட் ஆகணும் ப்ரோ, அவசரப்பட்டா ஒரிஜினல் லுக் வராது" என்பதுதான் பதில். பிறகு வெளிநாட்டு பிக்மென்ட் பவுடர் (துரு நிறத்துக்கான நிறப்பொடி) வாங்க வேண்டும் என்று இன்னொரு 1,500. கடைசியில் மீதி மூவாயிரத்தையும் வாங்கிக்கொண்டுதான் பெட்டியைக் கொடுத்தார். டேப் சுற்றி இறுக்கி ஒட்டியிருந்தார். வழியில் பிரித்தால் பவுடர் உதிரும், வீட்டில் போய்த்தான் பிரிக்க வேண்டும் என்றார். நானும் நம்பி பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டில் பிரித்தபோது அப்பாவும் பக்கத்தில் இருந்தார்.

கேபின் கூரை நடுவில் குழிந்து, ஓரம் அப்பளம் பொரிந்த மாதிரி கொப்புளித்திருந்தது. லைட்டர் வைத்துச் சுட்டிருக்கிறார். ஸ்டைரீன் 100 டிகிரி வாக்கில் இளகிவிடும், லைட்டர் தீ அதற்கு எவ்வளவோ மேலே. வலது கதவில் நான் வைத்த ரிவெட் ஒன்றுகூட இல்லை. விரலால் தடவினால் வழவழவென்று இருந்தது. ஹார்டுவேர் கடையில் விற்கும் என்.சி. தின்னரை (பெயின்ட் கரைக்கிற திரவம்) போட்டுத் துடைத்திருக்கிறார், அது ஸ்டைரீனைக் கரைத்துவிடும். வண்டி முழுக்க ஸ்பிரே டப்பா கறுப்பு. அதன்மேல் காவிப்பொடி. வெளிநாட்டு பிக்மென்ட் என்று 1,500 வாங்கியது இதற்குத்தான். விரல் வைத்தால் விரலெல்லாம் செம்மண். பவுடரைப் பிடித்து நிறுத்த எதுவுமே அடிக்கவில்லை. நாலு நாளில் பாதி உதிர்ந்து மேசையில் கிடந்தது.

அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சக்கரத்தைக் காட்டி, "ஏம்ப்பா, வண்டி எரிஞ்சிருக்கு, டயரு மட்டும் காத்தடிச்சு வச்ச மாதிரி இருக்கே?" என்றார். ஆமாம், ஆறு டயரும் முழுசாக, கறுப்பு பெயின்டோடு அப்படியே நின்றன. நான் அனுப்பிய போட்டோவை அந்த ஆள் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்.

அன்று ராத்திரி அந்த ஆளின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இருந்த படங்களை, படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தேன். நான் தேடிய ஐந்து படத்தில் நாலு வேறு நாட்டு மாடலர்கள் பல வருடம் முன்பே போட்டவை. கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்திருந்தால் இரண்டு நிமிட வேலை. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "ஃபயர் எஃபெக்ட்னா அப்படித்தான் ப்ரோ இருக்கும், உங்களுக்கு ரியலிசம் புரியல" என்று சொல்லி பிளாக் செய்துவிட்டார்.

ரியலிசம் பற்றி அவர் சொன்னதை விட முடியாது. இரும்புத் தகடு சூட்டில் அலை அலையாக நெளியும், ஆனால் ஓரம் தகடாகவே இருக்கும். பிளாஸ்டிக் உருகினால் ஓரமெல்லாம் உருண்டு மழுங்கும். இரண்டையும் பார்த்தவருக்கு ஒரு நொடியில் வித்தியாசம் தெரியும். நெளிவு வேண்டுமென்றால் குளிர்பான டின் தகட்டை வெட்டி விரலால் அழுத்தினாலே போதும். தீயே வேண்டாம். அளவும் முக்கியம்: 1:24-ல் ஒரு மில்லிமீட்டர் பெயின்ட் பெயர்ந்தால் நிஜ வண்டியில் அது கிட்டத்தட்ட இரண்டரை சென்டிமீட்டர். சுண்டுவிரல் நகம் அளவுக்குத் துருத் திட்டு வைத்தால், நிஜத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலம் வந்துவிடும்.

கேபினைத் திரும்ப வெட்டி, இப்போது நானே செய்துகொண்டிருக்கிறேன். முதலில் அடர் பழுப்பு, அதன்மேல் ஸ்பாஞ்சால் ஆரஞ்சைத் தொட்டுத் தொட்டு வைத்து, மேட் வார்னிஷ் அடித்துக் காயவிட்டேன். பச்சை மிஞ்சவேண்டிய இடத்தில் ஹேர்ஸ்பிரே அடித்து, அதன்மேல் அக்ரிலிக் பச்சை. கொஞ்சம் காய்ந்ததும் ஈரப் பிரஷால் தேய்த்தால் ஹேர்ஸ்பிரே கரைந்து, பச்சை செதில் செதிலாகப் பெயர்கிறது. கல் உப்பை ஈரத்தில் ஒட்டி, பெயின்ட் அடித்துப் பிறகு உதிர்த்துவிடுகிற முறையும் உண்டு. அது வருடக்கணக்கில் மக்கிய வண்டிக்குத்தான் பொருத்தமாகத் தோன்றுகிறது. எரிந்த வண்டியின் துரு புதுசு, பரவலாக மெல்லிசாக இருக்கவேண்டும். பவுடரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சொட்டு விட்டு ஒட்டவைக்கலாம். டயருக்குப் பதில், பழைய சார்ஜர் ஒயருக்குள் இருக்கும் செம்புக் கம்பியை முறுக்கி ரிம்மில் வளையமாக வைத்தேன். அப்பா அதைப் பார்த்துத் தலையாட்டினார். செலவு மொத்தம் 900 ரூபாய்கூட ஆகவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் பத்திரமாக இருப்பதால்தான் அதுவாவது முடிந்தது. தீரவில்லை என்றால் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது.

யாரிடமாவது வேலைக்குக் கொடுப்பதாக இருந்தால், முதலில் ஒரு உடைந்த கதவையோ வெட்டின ஷீட் துண்டையோ கொடுத்து அதில் செய்து காட்டச் சொல்லுங்கள். உண்மையாகவே வேலை தெரிந்தவர் அதற்குக் கோபப்படமாட்டார். வாரம் ஒரு படம் கேளுங்கள். பெட்டியை அவர் முன்னாலேயே பிரியுங்கள், மீதிப் பணம் அதற்குப் பிறகுதான்.

"ரஸ்ட் செட் ஆகணும் ப்ரோ" என்ற பதிலோடு யாருடைய மாடலாவது இப்போது அவரிடம் இருந்தால், இந்த வாரமே நேரில் போய் எப்படி இருக்கிறதோ அப்படியே வாங்கி வந்துவிடுங்கள். ஆள் அவர்தானா என்று சந்தேகமிருந்தால் எனக்கு மெசேஜ் அனுப்புங்கள், என்னிடம் உள்ள வாட்ஸ்அப் பேச்சைக் காட்டுகிறேன்.