ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு): தனியா போடறதா, டீமா போடறதா?

ரிப்போர்ட்டர் பசங்க அடிக்கடி கேக்கறாங்க, அதான்.

செலவு: மத்திய அரசு ஆபீஸ்னா தனியா போட்டா மனுவுக்கு 10 ரூபா, காப்பி ஒரு பக்கத்துக்கு 2 ரூபா. டீம்ல ஆளுக்கொரு மாவட்டம்னு பிரிச்சா மொத்தம் கூடும், ஆனா ஒருத்தர் தலையில விழாது.

நேரம்: ரெண்டுக்கும் 30 நாள்தான் கெடு, பதில் வரலன்னா முதல் அப்பீல், அப்புறம் தகவல் ஆணையத்துக்கு ரெண்டாவது அப்பீல், அங்க வருஷக்கணக்குல இழுக்கும், தனியாளா இருந்தா சலிச்சுப்போய் விட்டுடுவோம், டீம்னா யாராவது தேதி நோட் பண்ணி வெச்சிருப்பாங்க.

ரகசியம்: தனி ஆள்தான் பெஸ்ட். (டீம்ல ஒரு வாய் போதும்!)

டீம்னாலும் சங்கத்து பேர்ல போடாதீங்க, சட்டப்படி குடிமகன்தான் கேக்க முடியும்.

ஒரே ஒரு ஃபைல் வேணும்னா தனியா போடுங்க, பல மாவட்ட டேட்டான்னா கண்ண மூடிட்டு டீம்.