போர்ட் லூயிஸா, சேன் தெனியா: காலால் பார்த்தால்

ஊரிலிருந்து சித்தப்பா மகன் கேட்டான்: "அண்ணே, ஒத்தப் பையை முதுகுல மாட்டிட்டுத் தனியா வர்றேன். மொரிசியஸ் தலைநகரத்தைச் சுத்தவா, ரீயூனியன் தலைநகரத்தைச் சுத்தவா? ரெண்டுக்கும் காசு பத்தாது." மொரிசியஸில், ரோஸ் ஹில்லில் ஆறு வருடமாகக் குடியிருக்கிறேன். இந்நாட்டுத் தலைநகர் போர்ட் லூயிஸ் எனக்கு மெட்ரோ ஏறினால் வந்துவிடும் ஊர். ரீயூனியன் தலைநகர் சேன் தெனிக்கு மூன்று முறை போய் வந்திருக்கிறேன். அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

இரண்டுக்கும் நடுவில் விமானத்தில் முக்கால் மணி நேரம். இரண்டையும் தலைநகராக நிறுத்தியவரும் ஒரே ஆள், 1735இல் பிரெஞ்சுக் கவர்னராக வந்த மாஹே தெ லபுர்தொனே. அடிமைகளின் உழைப்பில் போர்ட் லூயிஸ் துறைமுகத்தை எழுப்பினார். 1738இல் பக்கத்துத் தீவின் தலைநகரை சேன் போலிலிருந்து சேன் தெனிக்கு மாற்றினார். போர்ட் லூயிஸின் பிளாஸ் தார்ம் சதுக்கத்தில், பனைகளுக்கு முன்னால், துறைமுகத்தைப் பார்த்தபடி இன்னும் சிலையாக நிற்கிறார்.

விசா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுற்றுலா வரும் இந்தியருக்கு மொரிசியஸ் தலைவலி தராது. ரீயூனியன் பிரான்ஸின் பகுதிதான், ஆனால் ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. பாரிஸுக்கு வாங்கிய விசாவை நம்பி விமானம் ஏறிவிடாதே, ரீயூனியனுக்கென்று தனியாக விசாரி. இங்கே மொரிசியஸ் ரூபாய், அங்கே யூரோ. மீதிக் கணக்கை நீயே போட்டுக்கொள்.

நடப்பவனுக்கு போர்ட் லூயிஸ் கொடுத்து வைத்த ஊர். எல்லாம் ஒன்றன் காலடியில் ஒன்று கிடக்கும். விக்டோரியா நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் லபுர்தொனே சிலை. நகரத்துக்கும் கடலுக்கும் நடுவே பெருஞ்சாலை ஒன்று வெட்டிக்கொண்டு ஓடுகிறது. கீழே சுரங்கப்பாதையில் இறங்கி ஏறினால் கோதான் கரை. அங்கே புளூ பென்னி அருங்காட்சியகத்தில் 1847இன் அஞ்சல்தலைகள் இரண்டு இருக்கின்றன. நிறம் மங்கிவிடும் என்று மணிக்குக் கொஞ்ச நேரம்தான் அவற்றின் மேல் விளக்குப் போடுவார்கள். நான் முதல் முறை போனபோது விளக்கு அணைந்த நேரமாகப் பார்த்துப் போய், நகலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரையோரமாகவே வடக்கே நடந்தால் ஆப்ரவாசி காட். காட் என்றால் படித்துறை. 1834 முதல் 1920 வரை ஒப்பந்தக் கூலிகளாக மொரிசியஸுக்கு ஏறக்குறைய 5 லட்சம் பேர் வந்தார்கள். 1849இல் கட்டிய இந்தக் குடியேற்றக் கிடங்கின் வழியாகத்தான் பெரும்பாலோர் உள்ளே போனார்கள். சென்னையில் கப்பலேறிய நம் ஆட்களும் அதில் உண்டு. 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கட்டணம் இல்லை. பெரிய மாளிகை எதையும் எதிர்பார்க்காதே. மிஞ்சியிருப்பது கருங்கல் படிகளும் சில சுவர்களும்தான். ஆனால் அந்தப் படிகள் அவ்வளவு சின்னவை. இத்தனை பேர் இதில் ஏறினார்களா என்று நம்பவே முடியாது. நான் அங்கே அரை மணி உட்கார்ந்திருந்தேன், ஒரு போட்டோகூட எடுக்கவில்லை.

திரும்பும் வழியில் சந்தை. பையிலிருந்து நூறு ரூபாய்த் தாளை எடுக்கும்போது ஒரு நொடி பார். அதில் படமாக இருக்கும் மொரிசியஸ் அரசியல்வாதி ரங்கநாதன் சீனிவாசன் தமிழர். தாளில் தமிழ் எழுத்தும் இருக்கும். 1998இல் புதுத் தாள்களில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சடித்தபோது இங்குள்ள தமிழர்கள் விடவில்லை. அந்தத் தாள்களையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. வீட்டில் தமிழ் இல்லாமல், பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி பேசுகிறவர்கள்தான் அந்தச் சண்டையைப் போட்டார்கள் என்பதை நம்மூர்க்காரர்களிடம் நான் சொல்லாமல் விடுவதில்லை.

பிறகு ஜும்மா மசூதி, சீனத் தெரு, அங்கிருந்து சிட்டாடல் கோட்டை ஏற்றம். மேலே நின்றால் ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் 1812 முதல் குதிரைகள் ஓடும் பந்தயத் திடல் ஷாம் தெ மார்ஸ். உச்சிவெயிலில் மட்டும் ஏறாதே.

குறை என்றால் ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. சாயங்காலம் அலுவலகம் விட்டதும் ஊரே பஸ் ஏறிப் போய்விடும். ஞாயிறு பிற்பகலில் ஷட்டர்களுக்கு நடுவே உன் செருப்புச் சத்தம் உனக்கே கேட்கும். தனியாக வருகிறவனுக்கு, அதிலும் தனியாக வருகிறவளுக்கு, அது நல்ல நேரமில்லை.

சேன் தெனி நேர்மாறு. அங்கே பகலில்தான் ஊர் தூங்குகிறது. பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை பாதிக் கடைகள் சாத்தியிருக்கும். நான் தங்கவிருந்த விடுதியில் நாலு மணிக்குத்தான் ஆள் வருவார் என்று கதவில் ஒரு சீட்டு. பதினோரு கிலோ பையோடு பாரிஸ் தெருவில் மேலும் கீழுமாக அலைந்தேன். அலைந்ததில் ஒன்றும் நஷ்டமில்லை. கடற்கரை பாராஷ்வாவிலிருந்து அரசுத் தோட்டம் வரை ஒரே நேர்கோடாகப் போகும் தெரு அது; இரு பக்கமும் பழைய கிரியோல் மாளிகைகள். சில வீடுகளின் மதில் மூலையில் கூரை போட்ட சின்ன மாடம் இருக்கும், கெத்தாலி என்கிறார்கள். வீட்டார் அதற்குள் உட்கார்ந்து, தன்னைக் காட்டிக்கொள்ளாமல் தெருவை வேடிக்கை பார்க்கலாம். நம் திண்ணை வழிப்போக்கனை உட்காரச் சொல்லும். இது அவனைப் பார்ப்பதோடு சரி.

மரேஷால் லெக்லேர் தெருவில் 1905இன் நூர் இ இஸ்லாம் மசூதி. அதே தெருவில் காளிகாம்பாள் கோவில். அங்கே அர்ச்சகர் என்னோடு தமிழில் பேசினார். பக்கத்தில் நின்ற பாட்டி பிரெஞ்சுக் கிரியோலில் ஏதோ கேட்டார். எனக்குப் பிடிபட்டது "மல்பார்" என்ற ஒரு சொல். அந்த ஊரில் நமக்கு அதுதான் பெயர்.

வடை விஷயத்தில் நான் பாரபட்சமானவன். போர்ட் லூயிஸின் 'கத்தோ பிமான்' நம் பருப்பு வடையே. உருண்டையாக, சுடச்சுட, வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். ரீயூனியனின் 'பொன்பொன் பிமான்' நடுவில் ஓட்டையோடு மெதுவடை மாதிரி இருக்கும், மாவு வேறொரு பயறில் அரைத்தது. என் ஓட்டு ரொட்டிக்குள் இருப்பதற்கு.

ஆனால் சேன் தெனிக்கு ஒரு துருப்புச்சீட்டு இருக்கிறது: அந்த ஊருக்கு நடந்தே போகலாம். லா பொசெசியோனிலிருந்து ஆங்கிலேயர் பாதை, கருங்கல் பாவிய பழைய மலைவழி. நடுவில் கிராண்ட் ஷலூப் பள்ளத்தாக்கில் இறங்கினால் 1860களின் தனிமைப்படுத்தும் கூடம். கப்பலில் வந்த கூலிகளை நோய்க்குப் பயந்து அடைத்து வைத்த இடம். அங்கிருந்து மறுபடி ஏறி சேன் பெர்னார் போனால் நகரப் பேருந்து கிடைக்கும்.

ஆகவே தம்பி, ஒரே நாள்தான் என்றால் போர்ட் லூயிஸ், அதுவும் வேலை நாளில், காலை எட்டுக்கே. மூன்று இரவும் யூரோவும் கையில் இருந்தால் சேன் தெனி. அந்தப் பாதைக்குச் செருப்போடு போகாதே. மழை பெய்திருந்தால் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்பு. கல் பாசியாக வழுக்கும், எனக்கு இன்னும் முழங்காலில் தழும்பு இருக்கிறது.