எழுத்தில் திணறும் பிள்ளைகளுக்கு: காட்பாடி கவுன்சலிங் மையம்

குடியாத்தத்திலிருந்து பையனைக் கூட்டிக்கொண்டு காட்பாடி காந்தி நகரில் இருக்கும் இந்த மையத்துக்குப் போய்வருகிறோம். ஏழாவது படிக்கிறான். கணக்கை வாயால் கேட்டால் டக்கென்று சொல்வான். எழுதச் சொன்னால் 'மரம்' 'மறம்' ஆகிவிடும், வாசித்தால் வரி தாவும். பள்ளியில் சோம்பேறி என்றே முத்திரை குத்திவிட்டார்கள். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

கவுன்சலர் மேடம் முதல் நாள் புத்தகத்தையே தொடவில்லை. "உனக்கு மூளை கம்மியில்லடா கண்ணா, நீ கத்துக்கிற வழி வேற" என்றார். பிறகு தட்டில் ரவையைப் பரப்பி, விரலால் 'ற' எழுதிக்கொண்டே சத்தமாகச் சொல்ல வைத்தார். வீட்டிலும் அதையே செய்கிறோம். இப்போது பஸ் போர்டைத் தானே எழுத்துக் கூட்டிப் படிக்கிறான்.

பெற்றோரிடமும் தனியாகப் பேசுகிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் உண்டு, சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் கேட்கலாம் என்பதெல்லாம் அங்கேதான் தெரிந்தது.

ராணிப்பேட்டை தோல் ஃபேக்டரியில் இருக்கும் என் தம்பியும் வருகிறான். பேங்க் ஃபாரம் நிரப்பவே கூசுகிறவன். அவனைச் சின்னப் பிள்ளை மாதிரி நடத்தாமல் "வாங்க, உக்காருங்க" என்கிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மையம் கிடையாது, அவனுக்கு லீவு போட வேண்டியிருக்கிறது. தமிழில் பயிற்சித்தாள்களும் போதாது, இதை அவர்கள் சரிசெய்தே ஆக வேண்டும்.

போகிறவர்கள் கண், காது பரிசோதனையை முடித்து அந்தச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்கள்.