செற்றியா, சோபாவா: கல்லடி வீட்டு ஹோலுக்கு எது பொருந்தும்?

எங்கள் வீடு கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிறது. மட்டக்களப்புப் பக்கம் வழமையாக நடப்பதுபோல அது எனக்குச் சீதனமாக வந்த வீடு. கலியாணம் முடித்து இவர்தான் இங்கே வந்தார். ஹோலில் கிடந்த கதிரை, மேசை எல்லாம் என் அப்பா பார்த்து வாங்கியவை. பழைய செற்றியின் (கைப்பிடி வைத்த நீள மர இருக்கை) கால் உடைந்து, புதிதாக வாங்கலாம் என்று பேச்சு எடுத்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது: இத்தனை வருடமாக இந்த ஹோலில் இவர் தெரிந்தெடுத்த பொருள் என்று ஒன்றுமே இல்லை. அதனால் இந்த முறை அவர் கேட்டதையும் நான் கேட்டதையும் அருகருகே வைத்து, அவசரப்படாமல் பார்த்தோம்.

அவர் கேட்டது சாம்பல் நிறத்தில், எல் வடிவச் சோபா. நான் கேட்டது தேக்கில் செய்த செற்றியும் இரண்டு கதிரைகளும். அம்மா பிரம்புக் கதிரை நல்லது என்றார்.

சோபாவின் நல்ல பக்கத்தை முதலில் சொல்கிறேன். வேலை முடிந்து வருகிறவர் உடம்பைப் போட்டதும் அது தாங்கிக்கொள்ளும். பிள்ளை தூங்கி விழுந்தாலும் அடிபடாது. கடையில் காசு கட்டினால் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் எங்கள் வீட்டில் ஏசி இல்லை, ஃபான் மட்டும்தான். சித்திரை வெயிலில் ஸ்பொஞ் மேல் அரை மணித்தியாலம் இருந்தால் முதுகு நனைந்துவிடும். கடற்கரை மண் காலோடு வந்து மடிப்புகளுக்குள் இறங்கும். ரெக்சின், அதாவது செயற்கைத் தோல் என்றால் வேறு பிரச்சினை. அதன் மேற்படை ஈரக்காற்றில் மெல்ல மெல்லச் சிதைந்து பொருக்காக உரியும். மச்சாள் வீட்டுச் சோபா மூன்றாவது மாரியிலேயே அப்படித்தான் உரிந்தது. துணி உறை உரியாது, ஆனால் கழற்ற முடியாமல் தைத்திருந்தால் பூஞ்சணம் பிடித்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

சோபாதான் வேண்டும் என்கிறவர்கள் கடையில் அதைச் சரித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். துணிக்கு உள்ளே சட்டம் என்ன மரம், அல்லது தூள் அமுக்கிய பலகையா என்று கேளுங்கள். அந்தப் பலகை தண்ணீர் பட்டால் ஊதிப்போகும், பிறகு ஆணி பிடிக்காது. ஸ்பொஞ்சின் அடர்த்தியையும் கேளுங்கள். கன மீட்டருக்கு முப்பது கிலோவுக்குக் குறைந்தது என்றால், தினமும் இருக்கிற இடத்தில் சீக்கிரமே பள்ளம் விழும்.

வெள்ளத்தையும் நாங்கள் கணக்கில் எடுத்தோம். 2011 ஜனவரியில் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சின்னம்மா வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. மரக் கதிரைகளைக் கழுவி, நிழலில் காயவைத்து, இன்றுவரை பாவிக்கிறார்கள். ஸ்பொஞ் வைத்துத் தைத்த கதிரைகள் இரண்டையும் தூக்கி எறிய வேண்டி வந்தது.

இனி நான் கேட்ட தேக்கு. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை இருப்பதால் நடுவிலுள்ள முற்றிய வைரப் பகுதியைக் கறையான் எளிதில் அண்டாது. வெளிறிய ஓரப் பகுதிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதைக் கறுப்புப் பொலிஷ் பூசி மறைத்து விற்பவர்கள் உண்டு, ஆகவே பொலிஷ் போடுவதற்கு முன்பே போய்ப் பார்க்க வேண்டும். முதிரையும் உறுதியான மரம், ஆனால் பாரம். கூட்டித் துடைக்க இழுக்கும்போது இடுப்பு சொல்லும். மகோகனி தேக்கைவிட மலிவு, நிறமும் அழகு. நல்ல வைரப் பகுதியாகக் கிடைத்தால் குறை சொல்ல மாட்டேன்.

மரத்திலே பெரிய ஆபத்து ஈரம் காயாத பலகை. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது சுருங்கி மூட்டு விடும், மாரியில் ஊதி இறுகும். இரண்டு வருடம் இப்படி நடந்தால் கதிரை ஆடத் தொடங்கும். அப்புறம், தச்சுவேலை செய்யும் ஓடாவி சொன்ன திகதிக்கு வேலை முடியாது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். விலையும் கூட.

பிரம்பு பற்றி அதிகம் சொல்ல இல்லை. காற்றோட்டம் உண்டு, பாரமில்லை. பின்னல் தொய்ந்தால் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நனைத்துக் காயவிட்டால் ஓரளவு இறுகும். ஆனால் கவனிக்காமல் விட்டால் உளுத்துத் தூள் கொட்டும். பிள்ளைகள் ஏறிக் குதிக்கிற வீட்டுக்கு முழுப் பிரம்பு சரிவராது.

இவ்வளவும் பேசிய பிறகும் அவர் சோபா என்றார், நான் தேக்கு என்றேன். ஒரு கடையில் இரண்டிலும் மாறி மாறி இருந்து பார்த்தபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. அவர் எதில் இருந்தாலும் சரிந்து படுக்கப் பார்க்கிறார். நான் காலை மடித்து ஏறி இருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் நோ, கைப்பிடியை ஊன்றித்தான் எழும்ப வேண்டும். அவருக்குச் சோபாவின் நிறமோ வடிவமோ பெரிதில்லை, நீட்டி நிமிர ஆழம் வேண்டும். இதை நான் முதலிலேயே கேட்டிருந்தால் இரண்டு கிழமை வாக்குவாதமே வந்திருக்காது.

பிறகு கடைக்குப் போகாமல் அளவு நாடாவோடு ஓடாவியிடம் போனோம். மூன்று பேர் இருக்கும் தேக்குச் செற்றி. கைப்பிடிகளுக்கு இடையே ஆறடி இரண்டு அங்குலம், இவர் முழுதாகப் படுக்கலாம். இருக்கையின் ஆழம் 26 அங்குலம். முதுகுக்கு ஐந்து அங்குலத் தடிப்பில் தனிக் குஷன். குஷன் இருக்கும்போது 21 அங்குலம் மிஞ்சும், அம்மாவுக்கு முதுகு சாயும், கால் நிலத்தில் படும். இவர் படுக்கும்போது குஷனை எடுத்துவிட்டால் முழு ஆழமும் அவருக்கு. இருக்கைக் குஷன் அமுங்கிய பிறகு உயரம் 18 அங்குலம் வருமாறு கேட்டோம், முழங்கால் நோகாதவர்களுக்கு இன்னும் ஓர் அங்குலம் குறைத்தாலும் சரி. அடிப்பக்கம் பலகை அடிக்காமல் இடைவெளி விட்ட சட்டங்கள், குஷனுக்குள் காற்று போக.

உறைகள் எல்லாம் சிப் வைத்துக் கழற்றித் துவைக்கிற மாதிரி, மருதமுனைக் கைத்தறித் துணியில் இரண்டு செட். ஒன்று அவர் கேட்ட சாம்பல், மற்றது நான் எடுத்த கடுஞ்சிவப்பு. எல் வடிவத்தை அவர் தானாகவே விட்டுவிட்டார். எங்கள் ஹோல் 12க்கு 14 அடி. நிலத்தில் பழைய பேப்பரை விரித்து எல் வடிவத்தை வைத்துப் பார்த்ததில் குசினிக்குப் போகும் வழி ஒன்றரை அடிதான் மிஞ்சியது. திவசத்துக்கோ பூசைக்கோ கதிரைகளை ஒதுக்கிப் பாய் விரிக்க அதில் இடமே இல்லை.

நடு மேசை இன்னும் முடிவாகவில்லை. அவர் கண்ணாடி என்கிறார், நாலு வயது மகன் இருக்கும்போது எனக்கு அதில் விருப்பமில்லை. செற்றியின் மரவேலை இந்த மாதம் முடியும். பொலிஷ் மட்டும் மாசியில் அடிக்கச் சொல்லியிருக்கிறோம், மாரி ஈரத்தில் அடித்தால் வெள்ளை பூத்து மங்கிவிடும் என்று ஓடாவியே சொன்னார்.