நாய்ஸ்மாடலிங்: வரைபடம் அழகுதான், வண்டிக் கணக்கு யாருடையது?

நகரச் சாலை இரைச்சலைக் கணித்து வரைபடமாகத் தரும் மென்பொருள்களில், காசில்லாமல் கிடைப்பதும் நம்பிப் பயன்படுத்தத் தக்கதும் என்றால் நாய்ஸ்மாடலிங்தான். பிரான்சின் குஸ்தாவ் ஐஃபில் பல்கலைக்கழக ஒலியியல் ஆய்வாளர்கள் உருவாக்கிய திறமூல மென்பொருள் இது. ஐரோப்பிய ஒன்றியம் தன் நாடுகளுக்கெல்லாம் 2015-இல் பொதுவாக்கிய, க்னோசாஸ் என்ற இரைச்சல் கணிப்பு முறைப்படி கணக்குப் போடுகிறது. இங்கே பார்ப்பது நான்காம் பதிப்பை.

நிறுவுவதில் பெரிய வேலையில்லை. ஜாவா 11 வேண்டும், அவ்வளவுதான். பிரவுசரில் திறக்கும். ஒவ்வொரு வேலைக்கும் கட்டங்கள் வந்து உட்காரும். ஆரஞ்சுக் கட்டங்களைக் கட்டாயம் நிரப்ப வேண்டும், வெளிர்நிறக் கட்டங்கள் நம் விருப்பம். இதில் ஒரு வினோதம்: எல்லாமே விருப்பக் கட்டங்களாக இருந்தால், ஒன்றையாவது தொட்டு மாற்றினால்தான் வேலை ஓடும். இது தெரியாவிட்டால் அரை மணி நேரம் வீண்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தின் கோப்பைக் கொடுத்தால் கட்டடம், தரை, சாலை என்று அட்டவணைகளாகப் பிரித்துக்கொள்ளும். இடத்தைக் குறிக்கும் ஆயத்தொலைவு முறை மீட்டர் கணக்கில் இருக்க வேண்டும். பாகையில் விட்டால் நகராது. சொந்த அட்டவணையை ஏற்றுபவர்கள் முதன்மைச் சாவி (ஒவ்வொரு வரிசைக்கும் தனி அடையாள எண்) வைக்க மறந்து மாட்டிக்கொள்வார்கள்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். அப்படி வந்த சாலை அட்டவணையில் வண்டி எண்ணிக்கை ஏற்கெனவே நிரம்பியிருக்கும். யாரும் தெருவில் நின்று எண்ணியதல்ல. சாலையின் வகையைப் பார்த்து மென்பொருளே போட்டுக்கொண்ட உத்தேசம். அதை அப்படியே ஓட்டினாலும் வண்ண வரைபடம் கண்ணைப் பறிக்கும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? கார், நடுத்தர வண்டி, கனரக வண்டி, மொபெட், மோட்டார்சைக்கிள் என ஐந்து வகைக்கும், பகல், மாலை, இரவு என மூன்று வேளைக்கும், மணிக்கு எத்தனை, என்ன வேகம் என்று தனித்தனியாக நிரப்புங்கள். கார்களை ஒன்றுவிடாமல் எண்ணி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எண்ணிக்கை 25 சதவீதம் கூடினால் 1 டெசிபல், இருமடங்கானால் 3 டெசிபல், அவ்வளவுதான் மாறும். லாரியைக் காரோடு சேர்த்து எண்ணுவதும், இரவு எண்ணிக்கையை ஊகத்தில் விடுவதும்தான் காலை வாரும். நாள் முழுவதையும் ஒரே எண்ணில் சொல்லும் பகல்-மாலை-இரவுக் குறியீட்டில் இரவுக்கு 10 டெசிபல் கூட்டுவதால், இரவில் போகும் ஒரு வண்டி பகலில் போகும் பத்து வண்டிக்குச் சமம்.

இரண்டு அமைப்புகளைப் பார்க்காமல் ஓட்டாதீர்கள். ஒலிமூலத்தைத் தேடும் தூரம் 150 மீட்டர் என்றிருக்கும். 400 மீட்டர் தள்ளிப் போகும் நெடுஞ்சாலை கணக்கிலேயே வராது. 500 முதல் 800 வரை உயர்த்தலாம், கணினி கூடுதல் நேரம் எடுக்கும். அடுத்தது விளிம்பு விளைவு, அதாவது ஒலி விளிம்புகளில் வளைந்து பரவுவது. இது அணைந்தே இருக்கும். அதை இயக்காவிட்டால் கூரைக்கு மேலாக வளைந்து இறங்கும் ஒலி சேராமல், கட்டடத்தின் பின்பக்கம் மயான அமைதி என்று காட்டும். முதலில் நான்கு தெருக்களில் ஓட்டிப் பார்த்துவிட்டு ஊர் முழுக்கப் போங்கள்.

வந்த விடையை இரைச்சல் மீட்டரோடு ஒப்பிடாமல் யாருக்கும் காட்டக் கூடாது. அளப்பதற்கு முன்னும் பின்னும் 94 டெசிபல் காலிப்ரேட்டரில் (நிலையான ஒலி தரும் சிறு கருவி) மீட்டரைச் சரிபாருங்கள். இரண்டுக்கும் நடுவே 0.5 டெசிபலுக்கு மேல் விலகினால் அந்த அளவீட்டைத் தள்ளிவிடலாம். காற்று விநாடிக்கு 5 மீட்டரைத் தாண்டினாலும் அப்படியே. கணக்கில் ரிசீவர், அதாவது இரைச்சலைக் கணிக்கும் புள்ளி, 4 மீட்டர் உயரத்தில் என்றால் மைக்கும் 4 மீட்டரில்தான் நிற்க வேண்டும். அளக்கும் அதே நேரத்தில் வண்டிகளையும் எண்ணி, அந்த எண்ணையே மென்பொருளுக்குக் கொடுங்கள். இன்னொன்று: பகலில் அளந்ததைப் பகல் விடையோடுதான் ஒப்பிட வேண்டும். 24 மணி நேரமும் மாறாமல் 60 டெசிபல் இருந்தாலும், மாலைக்கும் இரவுக்கும் கூட்டுவதால் பகல்-மாலை-இரவுக் குறியீடு 66.4 என்றுதான் வரும். மென்பொருள் மிகைப்படுத்துகிறது என்ற புகார்களில் இந்தக் குழப்பமும் உண்டு.

மீட்டர் அதிகமாகக் காட்டினால் ஹாரனைச் சந்தேகியுங்கள். க்னோசாஸ் முறை டயர் உருளும் ஒலியையும் எஞ்சின் ஒலியையும் மட்டுமே அறியும். ஒரு மணி நேரச் சராசரி 65 டெசிபல் உள்ள இடத்தில், மைக்கில் 95 டெசிபலாக விழும் ஒரு விநாடி ஹாரன் பத்து முறை அடித்தாலே சராசரி 71-ஐத் தொட்டுவிடும். இதற்கு வழியில்லாமல் இல்லை. அதிர்வெண் பட்டைவாரியாக (தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலி என்று பிரித்து) ஒலித்திறனைக் கொடுத்து ஓட்டத் தனி வேலை ஒன்று இருக்கிறது. சந்திப்புகளில் ஹாரனைத் தனி ஒலிமூலமாக வைத்து அதில் ஓட்டிவிட்டு, இரண்டு விடைகளையும் ஆற்றல் கணக்கில் கூட்டிக்கொள்ளலாம். 65-உம் 65-உம் சேர்ந்தால் 68, 130 அல்ல.