காலையில் கிளம்பாத பழைய வண்டி: பிளக்கா, கார்பரேட்டரா, டாப்பெட்டா?

ஏற்காட்டில் மார்கழி, தை மாதக் காலைகளில் பழைய ஸ்ப்ளெண்டரோ ஆர்.எக்ஸ். 100-ஓ எத்தனை கிக் அடித்தாலும் கிளம்பாமல் நிற்பதைப் பார்க்கலாம். பக்கத்தில் நிற்பவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். தீப்பொறி விடும் பிளக்கை மாற்று என்பார் ஒருவர். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவு என்பார் இன்னொருவர். கொஞ்சம் அனுபவப்பட்டவர் டாப்பெட்டை, அதாவது இஞ்சின் வால்வை அழுத்தித் திறக்கும் பகுதியின் இடைவெளியை, பார்க்கச் சொல்வார். மூன்றுமே சரியான வைத்தியங்கள்தான். எந்த வண்டிக்கு எதை முதலில் செய்வது என்பதில்தான் காசும் நேரமும் வீணாகின்றன.

தினமும் ஓடுகிற வண்டி என்றால் கார்பரேட்டரில் கை வைக்காமல் பிளக்கிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டி என்றால் நேராகக் கார்பரேட்டருக்கே போகலாம். டாப்பெட் மூன்றாவது இடம்தான். ஆனால் ஹோண்டா வகை 100 சிசி இஞ்சின்களில் அதிகம் கவனிக்காமல் விடப்படுவது அதுதான்.

முதலில் சோக்

குளிர்ந்த இஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை. ஒரு பகுதி உள்ளே போகும் வழியிலேயே சுவரில் படிந்துவிடும். அதை ஈடுகட்டக் கலவையில் பெட்ரோலைக் கூட்டித் தருவதுதான் சோக்கின் வேலை. ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டிகளில் கார்பரேட்டரின் வாயை ஒரு தகடு மூடும். காற்று குறையும், பெட்ரோல் கூடும். ஆர்.எக்ஸ். 100-இலும் மிக்கார்ப் கார்பரேட்டர் போட்ட புல்லட்டிலும் அந்தத் தகடு கிடையாது. சோக்கை இழுத்தால் தனியாக ஒரு சிறு வழி திறக்கும், அதன் வழியே கூடுதல் பெட்ரோல் வரும்.

இந்த இரண்டாம் வகையில் ஒரு நிபந்தனை உண்டு. ஆக்சிலரேட்டர் மூடியிருந்தால்தான் அந்தச் சிறு வழியில் போதுமான உறிஞ்சல் இருக்கும். கிக் அடிக்கும்போதே முறுக்கினால் சோக் போட்டும் போடாத மாதிரிதான். ‘சோக் வேலை செய்யலை’ என்று ஒர்க்‌ஷாப்புக்கு வரும் ஆர்.எக்ஸ்.களுக்கு முதலில் பார்க்க வேண்டியது ஓட்டுபவரின் வலது கையை.

பிளக் சொல்லும் சாட்சி

சோக் போட்டு ஏழெட்டு கிக் அடித்த கையோடு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீதான் பிடிக்கவில்லை. காய்ந்திருந்தால் பெட்ரோலே உள்ளே வரவில்லை. பிளக் ஸ்பானர் ஒன்று போதும். கார்பரேட்டரைக் கழற்றி, அடியில் பெட்ரோல் தங்கும் ஃப்ளோட் பௌலைப் பிரித்து, பெட்ரோல் வரும் நுண்துளைகளான ஜெட்டுகளை ஊதி மாட்டுவதற்கு அரை நாள் போகும். நனைந்த பிளக் கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது அந்த அரை நாள் எதற்கு?

நனைந்திருந்தால் புதுப் பிளக் ஒன்றை மாட்டிவிடுங்கள். பழையதை உப்புத்தாளில் தேய்ப்பதைவிட இது எனக்குப் பிடித்த வழி, ஏனென்றால் ஒரே வேலையில் சோதனையும் முடிந்துவிடும். வெளியில் நன்றாகப் பொறி விடுகிற பழைய பிளக், சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும்போது பொறி விடாமல் போகலாம். இடைவெளியும் முக்கியம். பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றுக்கு 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் வைப்பார்கள். தேய்ந்து அகன்றுபோனால், கிக்கின் மெதுவான வேகத்தில் கிடைக்கும் மின்னழுத்தம் அதைத் தாண்டாது. அதே வண்டி தள்ளி ஸ்டார்ட் செய்தால் கிளம்பிவிடும்.

பொறியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் பிளக்கின் உலோக உடல் இஞ்சினின் சுத்தமான உலோகத்தில் படும்படி வையுங்கள். பிளக் துளையிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும், அங்கே பெட்ரோல் ஆவி இருக்கும். எர்த் படாமல் கிக் அடித்தால் மின்னழுத்தத்தை ஏற்றும் காயிலுக்கும், பொறியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான சிடிஐ-க்கும் கேடு.

ஏற்காட்டில் இதில் இன்னொரு கூறு சேர்கிறது. பனி இறங்கிய இரவில் வெளியே நின்ற வண்டியில் பிளக் கேப்பும் பிளக்குக்கு மின்சாரம் கொண்டுவரும் ஹெச்டி ஒயரும் ஈரமாகி, பொறி பிளக்குக்குப் போகாமல் இஞ்சின் உடலுக்குத் தாவிவிடும். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் ஒருவரைக் கிக் அடிக்கச் சொன்னால் அந்த நீலக் கீற்று தெரியும். கேப்பைத் திருகிக் கழற்றி, துடைத்து, ஒயரின் நுனியைக் கொஞ்சம் வெட்டி மறுபடி திருகினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். சிடிஐ-க்குப் பதில் பாயின்ட் (மின்சாரத்தைத் துண்டித்துப் பொறி வரவைக்கும் தொடுமுனை) வைத்த பழைய புல்லட் என்றால் பாயின்ட்டின் முகம் கருகியிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காய்ந்த பிளக் என்றால்

இப்போது கார்பரேட்டர் பக்கம் போகலாம், அப்போதும் கழற்ற வேண்டாம். பெட்ரோல் டேப்பைத் திறந்து, பௌலுக்கு அடியில் இருக்கும் வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். பெட்ரோல் விடாமல் வந்தால் டேப்பும் ஃப்ளோட்டும் சரி. சொட்டுச் சொட்டாக வந்தால் டேப்பின் வடிகட்டியோ ஃப்ளோட் ஊசியோ அடைத்திருக்கிறது. வருவதைக் கண்ணாடி டம்ளரில் பிடித்தால் அடியில் தண்ணீர் தங்குகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

அதன் பிறகு பிளக் துளையில் பாட்டில் மூடியில் பாதியளவு பெட்ரோல் விட்டு, பிளக்கை மாட்டி, கேப்பைப் போட்டுக் கிக் அடித்துப் பாருங்கள். இரண்டு வினாடி ஓடி அணைந்தால் பொறியும் சரி, கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) சரி, குற்றம் கார்பரேட்டரில்தான். இப்போது தாராளமாகக் கழற்றுங்கள். மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட்டையும் சோக்குக்குப் போகும் சிறு வழியையும் காற்றடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, அப்புறம் எந்த டியூனிங்கிலும் அடங்காது.

சத்தம் போடாத டாப்பெட்

பிளக், பெட்ரோல் இரண்டும் சரியாக இருந்தும் கிளம்பவில்லையா? கிக்கர் முன்பைவிட லேசாக இறங்குகிறதா என்று கவனியுங்கள். வால்வு தன் இருக்கையில் தேயத் தேய டாப்பெட் இடைவெளி சுருங்கும். இடைவெளி கூடினால் டக்டக் என்று சத்தம் வரும், எல்லோரும் கவனிப்பார்கள். சுருங்கினால் இஞ்சின் அமைதியாக ஓடும், ‘வண்டி சூப்பரா இருக்கு’ என்று விட்டுவிடுவார்கள். வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசிந்து, காலையில் தீ பிடிக்காது. இஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது கம்பெனி சொன்ன அளவுக்கு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்வது சிறு வேலை.

பிளக் துளையில் சில சொட்டு இஞ்சின் ஆயில் விட்டதும் கிக்கர் இறுகினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, இறுகாவிட்டால் வால்வு. ஆர்.எக்ஸ். மாதிரி டூ ஸ்ட்ரோக்கில் டாப்பெட்டே கிடையாது. அங்கே கிராங்க் ஷாஃப்டின் இரு பக்கமும் காற்று கசியாமல் அடைக்கும் கிராங்க் சீலைச் சந்தேகப்பட வேண்டும்.

சேலத்து டியூனிங்கும் ஏற்காட்டுக் காற்றும்

சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இந்த ஏற்றத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. கார்பரேட்டருக்கு அது தெரியாது, பெட்ரோல் விகிதம் கூடிப்போகும். அதனால் கீழே டியூன் செய்த வண்டி மேலே எளிதில் ஓவர்ஃப்ளோ ஆகிறது, அதாவது பெட்ரோல் மிஞ்சிப் பிளக் நனைந்துவிடுகிறது. அப்படி ஆனால் சோக்கை எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து கிக் அடித்தால் மிச்சப் பெட்ரோல் வெளியேறும். மேலேயே இருக்கிற வண்டிக்குக் கலவையைக் கொஞ்சம் குறைத்து வைக்கலாம். கார்பரேட்டரில் கலவையைச் சரிசெய்யும் ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் வெளியே திருப்ப வேண்டும், இஞ்சின் பக்கம் இருந்தால் உள்ளே.

எஸ்டேட் வீட்டில் வண்டியை நிறுத்திவிட்டு வெளியூர் போகிறவர்களுக்கு ஒன்று. இப்போது கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், ஆவியாகக் கூடுதல் வெப்பமும் கேட்கும். டேப்பை மூடி, வண்டி தானே அணையும்வரை ஓடவிட்டு நிறுத்தினால் பௌலில் பெரிதாக எதுவும் தங்காது.

இத்தனைக்கும் பிறகு சேலம் அஸ்தம்பட்டியிலோ ஐந்து ரோட்டிலோ உள்ள மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், மலை இறங்கிய சூட்டில் வண்டி ஒரே கிக்கில் கிளம்பும். ‘நல்லாத்தானே இருக்கு’ என்பார் அண்ணன், அவர் மேல் தப்பில்லை. முதல் நாள் மாலையே வண்டியை விட்டுவிட்டு, காலையில் கடை திறந்ததும் ஆறிய இஞ்சினில் அவரையே முதல் கிக் அடிக்கச் சொல்லுங்கள். பிளக் நனைந்திருந்ததா, காய்ந்திருந்ததா என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.