ட்யூப் ஆம்ப்பை ட்ரேட்-இன் கொடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பினாங்கில் கிட்டார் வாசிப்பவர்கள், அதிலும் பழைய ட்யூப் ஆம்ப்பை (வெற்றிடக் குழாய்களில் ஓடும் கிட்டார் ஒலிபெருக்கி) கொடுத்துவிட்டு டிஜிட்டல் மாடலர் (ஆம்ப்பின் ஒலியை நடித்துக் காட்டும் சின்னப் பெட்டி) வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடையின் பெயரை எழுத மாட்டேன். பணத்தைத் திரும்ப வாங்கும்போது ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதில் அப்படி ஒரு வரி இருக்கிறது. ஜார்ஜ்டவுனில் ஒரு கடை. அவ்வளவுதான்.

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். சிரிக்காதீர்கள். சனிக்கிழமை ராத்திரிகளில் கல்யாண விருந்துகளுக்கு வாசிக்கப் போவேன். என்னிடம் இருந்தது ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸ், 40 வாட், பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று. பவருக்கு இரண்டு 6எல்6 ட்யூப், அதற்கு முந்தின கட்டத்துக்கு மூன்று 12ஏஎக்ஸ்7 ட்யூப். எடை 20 கிலோ. நான் இருப்பது லிஃப்ட் இல்லாத ஃபிளாட்டில் மூன்றாவது மாடி. நாற்பத்தாறு வயது முதுகு அந்த 20 கிலோவை எப்படிப் பார்க்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு இரண்டு மாதமாக ஆம்ப்பில் ஒரு கரகரப்பு வேறு.

கடையில் இருந்த தம்பி நல்லாப் பேசினார். "அண்ணே, இப்ப யாருண்ணே இதைத் தூக்கிட்டு அலையறா? இந்தப் பெட்டிய பைக்குள்ள போட்டா வேலை முடிஞ்சது." அப்புறம், ரெண்டையும் பக்கத்துல வெச்சு வாசிச்சுப் பாருங்க, உங்க காதே சொல்லட்டும் என்றார். நியாயமான பேச்சுதானே. அங்கேதான் நான் விழுந்தேன்.

எப்படி வைத்தார் என்று கேளுங்கள். என் ஆம்ப் தரையில், என் கணுக்காலைப் பார்த்தபடி. பக்கத்துக் கடைக்காரர் சண்டைக்கு வருவார் என்று வால்யூம் ஒன்றரைக்கு மேல் போக விடவில்லை. இந்த ஆம்ப் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், அந்தக் குமிழ் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்தான் திடீரென்று பாயும். அதற்குக் கீழே உயிர் இருக்காது. மாடலரை எதில் சொருகினார்? ஸ்டாண்டு மேல் காது உயரத்தில் நின்ற இரண்டு முழு அலைவரிசை ஸ்பீக்கர்களில் (அடி முதல் உச்சம் வரை எல்லா ஒலியையும் தருபவை), சுவர் அதிரும் சத்தத்தில். அப்போது மட்டும் பக்கத்துக் கடைக்காரர் எங்கே போனாரோ.

காது ஏமாறும் விதம் புதிய விஷயமே இல்லை. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள்: சத்தம் குறையும்போது நம் காது அடி ஒலியையும் உச்ச ஒலியையும் குறைவாகத்தான் கேட்கும். சத்தத்தை ஏற்றினால் அதே ஒலி நிறைவாகத் தெரியும். சத்தமாக இருப்பது நல்லதாகவும் தெரியும். தொழிற்சாலையில் இரண்டு பாகங்களை ஒரே அளவுகோலில் வைக்காமல் யாராவது ஒப்பிட்டால் நான் கத்துவேன். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. புதுப் பெட்டியின் ஆசை.

பிறகு ஆம்ப்பைச் சோதிக்கிறேன் என்று அதன் தலையில் கையால் இரண்டு தட்டுத் தட்டினார். படபடவென்று சத்தம். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ட்ரான்ஸ்ஃபார்மர் போயிடுச்சுண்ணே. மாத்தினா ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி. உங்களுக்காக அறுநூற்று ஐம்பதுக்கு எடுத்துக்கறேன்" என்றார். மாடலர் 3,900 வெள்ளி (ரிங்கிட்), 'புதுசு'. கழித்தது போக 3,250-ஐக் கார்டில் தேய்த்துவிட்டு, ஆம்ப்பை நானே அவர்கள் ஸ்டோர் அறைவரைக்கும் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். கடைசியாக ஒருமுறை தூக்குகிறோம் என்று சந்தோஷம் வேறு.

வீட்டுக்கு வந்து பெட்டியை ஓடவிட்டு பிரீசெட்டுகளை, அதாவது சேமித்து வைத்த ஒலி அமைப்புகளைப் புரட்டினேன். கம்பெனி வைத்தவை ஒரு பக்கம். பயனர் இடம் காலியாக இருக்க வேண்டும். ஏழாவது இடத்தில் 'கெண்டூரி கிளீன்' என்று இருந்தது. எட்டாவதில் 'ராயா சோலோ'. புதுப் பெட்டி எந்தக் கம்பத்தில் (மலாய் கிராமத்தில்) போய்க் கெண்டூரி விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தது? போன் செய்தேன். "அது டெமோ செட்டிங்ண்ணே" என்றார். அப்போதே அந்த இரண்டு பிரீசெட்டையும் வரிசை எண்ணையும் படம் எடுத்து வைத்தேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

அடுத்த சனிக்கிழமை பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணம். "எந்த ஆம்ப்லயும் சொருகலாம்ண்ணே" என்று கடையில் சொல்லியிருந்ததை நம்பி, மண்டபத்தில் இரவல் வாங்கிய ஒரு சின்ன கிட்டார் ஆம்ப்பின் முன்பக்கத் துளையிலேயே சொருகினேன். பெண் மாப்பிள்ளை உள்ளே வரும் பாட்டு. கிட்டார் கம்பளி போர்த்திக்கொண்டு முனகியது. கீபோர்டு வாசிக்கும் நண்பன் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

காரணம் எளிது, ஆனால் விற்கும்போது யாரும் வாய் திறப்பதில்லை. மாடலர் ஆம்ப்பை மட்டும் நடிப்பதில்லை. ஸ்பீக்கர் பெட்டியையும் அதன் முன் வைத்த மைக்கையும் சேர்த்தே நடிக்கிறது. கிட்டார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரசரவென்று இறங்கிவிடும். அந்த இறக்கத்தை மாடலர் ஒருமுறை போட்டுவிட்டது, நான் சொருகிய நிஜ ஸ்பீக்கர் இன்னொரு முறை போட்டது. நேராக மிக்சருக்குக் கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்பீக்கர் பெட்டி நடிப்பை அணைத்துவிட்டு, ஆம்ப்பின் பின்பக்கம் எஃபெக்ட்ஸ் ரிட்டர்னில் (முன்கட்டத்தைத் தாண்டி நேரே பவர் பகுதிக்குப் போகும் துளை) சொருகியிருக்க வேண்டும். கடையில் கேட்ட அதே ஒலி வேண்டுமென்றால் அவர்கள் வைத்திருந்த மாதிரி முழு அலைவரிசை ஸ்பீக்கரும் வாங்கணும். அந்தச் செலவு 3,900-இல் சேரவில்லை.

இதைப் படித்துவிட்டு மாடலரே ஏமாற்று என்று யாரும் கிளம்ப வேண்டாம். 1998-இல் லைன் 6 கம்பெனி அந்த அவரை விதை மாதிரி 'பாட்' என்ற மாடலர் பெட்டியைக் கொண்டுவந்தபோது சிரித்தவர்களில் நானும் ஒருவன். அப்புறம் 2006-இல் ஃபிராக்டல், 2011-இல் கெம்பர் என்று வேறு கம்பெனிகளும் வந்தார்கள். கெம்பர் நிஜ ஆம்ப்புக்குள் சோதனை ஒலிகளை அனுப்பி, மைக் வழியாகத் திரும்பக் கேட்டு, அந்த ஆம்ப்பையே படம் பிடிப்பது போலப் பிடித்துக்கொள்ளும். இன்றைக்கு நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது நிஜம் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். கம்பியைத் தட்டியதும் ஒலி வரத் தாமதம், தாமதம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். மூன்று மில்லி வினாடித் தாமதம் என்றால் ஆம்ப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். அதற்குமேல் தள்ளி நின்றுதான் நாம் எல்லோரும் மேடையில் வாசிக்கிறோம். பெட்டி மேல் எனக்குக் கோபமே இல்லை.

சரி, ஆம்ப்புக்கு வருகிறேன். பத்து நாள் கழித்து அதே கடையின் விளம்பரம் கண்ணில் பட்டது. ஹாட் ராட் டீலக்ஸ், 'முழு சர்வீஸ் செய்தது', 2,700 வெள்ளி. இந்த ஆம்ப் ஊரில் எத்தனையோ பேரிடம் இருக்கும். ஆனால் மூன்றாவது படம் பின்பக்கம் எடுத்தது. பலகையின் இடது மூலையில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கறுத்த ஒரு வட்டம். ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் என் மனைவி வைக்கும் பொட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக எட்டு வருஷத்துப் பொட்டு. துடைத்துக்கூடப் பார்க்கவில்லை அவர்கள்.

சர்வீஸ் எந்த அழகில் நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. பிறை என்ற ஊரில் பழைய ரேடியோ, ஆம்ப் எல்லாம் பழுது பார்க்கும் அங்கிள் ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் அவரே கூப்பிட்டார். "தம்பி, உன் ஆம்ப்பு இங்க வந்திருக்கு. வித்துட்டியா?" புக்கிட் மெர்த்தாஜாமைச் சேர்ந்த ஒரு சீனப் பையன் கடையில் வாங்கியிருக்கிறான்; கரகரப்பு அப்படியே இருக்கிறது என்று கொண்டுவந்திருக்கிறான். நான் ஓடினேன்.

அங்கிள் ஆம்ப்பை ஓடவிட்டு, காப்பிக்கடை சாப்ஸ்டிக் ஒன்றை எடுத்து, பின்பக்கம் தெரியும் ட்யூப்புகளை ஒவ்வொன்றாக மெதுவாகத் தட்டினார். இரண்டு ட்யூப் பேசாமல் இருந்தன. கிட்டார் சொருகும் பக்கத்து முதல் 12ஏஎக்ஸ்7-ஐத் தட்டியதும் ஸ்பீக்கரில் டிங் என்று மணி அடித்தது, கூடவே என் கரகரப்பு. அணைத்து, ஆறவிட்டு, அந்த ஒரு ட்யூப்பை மாற்றினார். பத்து நிமிஷம், தொண்ணூறு வெள்ளி. "ட்ரான்ஸ்ஃபார்மர் போயிருந்தா ஒழுங்காச் சத்தமே வந்திருக்காதே தம்பி. நீ அந்தக் கடையிலயே வாசிச்சுக் காட்டினியே!" (சாப்ஸ்டிக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆம்ப்பின் உலோகச் சட்டத்தைக் கழற்றி உள்ளே கை விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் மின்தேக்கிகளில் ஆளைக் கொல்லும் வோல்ட் தங்கியிருக்கும்.)

ஆம்ப் விஷயத்தில் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அறுநூற்று ஐம்பதுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டது நான்தான். மாடலர் விஷயம் வேறு. பழையதைப் புதியது என்று சொல்லி விற்பது 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி தப்பு. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுப் போட ஐந்து வெள்ளிதான் கட்டணம், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம். மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் ஒன்று, அது வியாபாரம் செய்கிறவர்கள் மேல் போடும் மனு. வீட்டிலிருந்து தன் பழைய ஆம்ப்பை விற்கும் தனி ஆளிடம் ஏமாந்தால் அங்கே போக முடியாது. ரசீதில் 'புதியது' என்று எழுதியிருந்தது, 'கெண்டூரி கிளீன்' படம் கையில் இருந்தது. மனுப் போட்டேன். விசாரணைத் தேதிக்கு முன்பே கடையிலிருந்து போன் வந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு 3,250-ஐத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த அறுநூற்று ஐம்பதையும் கேட்டேன். "ஆம்ப்பு வித்துப் போச்சுண்ணே" என்றார் அதே தம்பி, கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல்.

இப்போது வேறொரு மாடலர் வைத்திருக்கிறேன். என் ஸ்பீக்கரை நானே தூக்கிக்கொண்டு போய், மாடலரையும் ஒரு ட்யூப் ஆம்ப்பையும் ஒரே சத்தத்தில் போனில் அளந்து வைத்து, ஒரு மணி நேரம் வாசித்த பிறகுதான் பணம் கொடுத்தேன்.

புக்கிட் மெர்த்தாஜாம் பையன் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். பின்பலகை மூலையில் அந்தக் கறுத்த வட்டம். இது என்ன கறை அங்கிள், எதைப் போட்டுத் துடைத்தால் போகும் என்று கேட்டிருந்தான். துடைக்காதே, அக்டோபரில் அதற்கு மேலேயே இன்னொன்று வைக்க நான் வருகிறேன் என்று எழுதினேன்.